கனவு மாதிரி அமானுஷ்யமான படங்களைப் பார்ப்பது எப்படி? (புதுசா ஆரம்பிக்கறவங்களுக்கு)

இந்த மாதிரி போட்டோவோ சினிமாவோ பார்க்க உட்கார்ந்தா முதல் கேள்வியே "இதுக்கு என்ன அர்த்தம்"தான், பத்து நிமிஷத்துல போரடிச்சு மூடிடுவோம். அர்த்தத்தை விடுங்க, எப்படி எடுத்திருப்பாங்கன்னு பாருங்க.

ஸ்டெப் 1: ரால்ஃப் யூஜின் மீட்யார்ட். அமெரிக்காவுல கென்டக்கி பக்கம் மூக்குக்கண்ணாடிக் கடை வெச்சிருந்தவர், லீவு நாள்ல பொண்டாட்டி புள்ளைங்களை பாழடைஞ்ச வீடுகளுக்குக் கூட்டிட்டுப் போய், கடையில விக்கற சாதா முகமூடியை மாட்டிவிட்டு போட்டோ எடுப்பார். அந்தப் படத்துல முகத்தை விரலால மறைச்சுப் பாருங்க, சும்மா நிக்கற சின்னப் பையன். விரலை எடுத்தா கிழட்டுத் தலை. அந்த ரெண்டும் ஒட்டாமதான் வயித்தைக் கலக்குது.

ஸ்டெப் 2: ஃப்ரான்செஸ்கா வுட்மன், இவங்களும் அமெரிக்க போட்டோகிராஃபர், பெரும்பாலும் தன்னையே எடுத்துக்குவாங்க. இங்கதான் நிறைய பேர் மாட்டிக்கறாங்க. 22 வயசுல, 1981-ல இறந்துட்டாங்க, அந்த வாழ்க்கைக் கதையை முதல்ல படிச்சா அப்புறம் எல்லாப் படமும் சாவுக்கு முன்னறிவிப்பாவே தெரியும், படம் கண்ணுல படாது. 1976 வாக்குல பாழடைஞ்ச வீட்டுக்குள்ள எடுத்ததை எடுத்துக்கோங்க. பெயர்ந்த சுவரும் தரையும் பளிச்னு இருக்கும், ஆள் மட்டும் புகை மாதிரி கலைஞ்சிருப்பாங்க. பேய் இல்ல, ஷட்டர் (கேமராக்குள்ள வெளிச்சத்தை விடற கதவு) சில செகண்ட் திறந்தே இருக்கு, அதுக்குள்ள அவங்க அசையறாங்க. நம்பலன்னா செஞ்சே பாருங்க: மங்கலான ரூம், போன்ல ப்ரோ மோட் (செட்டிங்கை நாமே மாத்திக்கறது), ஐஎஸ்ஓ (வெளிச்சத்தை எவ்வளவு உணரணும்ங்கற அளவு) 100, ஷட்டர் 2 செகண்ட், ட்ரைபாட் கட்டாயம் (புக்கை அடுக்கி சாய்ச்சு வெக்கறது வேலைக்கு ஆகாது, சுவரும் சேர்ந்து ஆடிடும்). பாதி நேரம் சும்மா நில்லுங்க, பாதி நேரம் தலையை மட்டும் ஆட்டுங்க. உடம்பு இருக்கும், முகம் கலைஞ்சு போயிருக்கும். இதுக்கு ஃபில்டர் ஆப் எதுவும் வேணாம், எனக்கு அதுங்களைக் கண்டாலே ஆகாது. டெக்னிக் தெரிஞ்சுட்டா பயம் போயிடும்னு சொல்லுவாங்க, எனக்கு அதிகம்தான் ஆச்சு.

ஸ்டெப் 3: மெஷஸ் ஆஃப் தி ஆஃப்டர்நூன்ங்கற குறும்படம், 1943, 14 நிமிஷம்தான். மாயா டெரனும் வீட்டுக்காரர் அலெக்சாண்டர் ஹாமிடும் லாஸ் ஏஞ்சலஸ்ல தாங்க இருந்த வீட்லயே எடுத்தது. மியூட் போட்டுப் பாருங்க, முதல்ல சத்தமே இல்லாமதான் வந்துச்சு, இப்ப இருக்கற இசை 1959-ல சேர்த்தது. படத்துல நடிச்சிருக்கற டெரன் கத்தியோட எழுந்து நடக்கற இடத்தை ரீவைண்ட் பண்ணுங்க: ஒவ்வொரு எட்டுக்கும் தரை மாறும், கடற்கரை, புல்லு, நடைபாதை, வீட்டுக் கம்பளம். வெறும் கட்தான் (ஒரு ஷாட்டை வெட்டி அடுத்ததோட ஒட்டறது), ஆனா நடை நிக்காததால அந்த ரூமே கடல் அளவுக்கு தூரமாயிடுது.

அப்டேட்: ஐபோன்ல ஷட்டர் ஆப்ஷனே இல்லன்னு கமெண்ட்ல கேட்டிருந்தாங்க. லைவ் போட்டோ எடுத்துட்டு, அதை லாங் எக்ஸ்போஷர்னு மாத்திக்கோங்க, ஓரளவுக்கு வரும். படம் வெள்ளையா வெளுத்துப் போகுதுன்னு சொன்னவங்க லைட்டை அணைச்சுட்டு ஜன்னல் வெளிச்சத்துல மட்டும் எடுங்க, அதுவும் சாயங்காலமா.