மனத்தில் நின்ற விளையாட்டு முடிந்த பிறகு: அடுத்ததைத் தேர்ந்தெடுப்பதில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

மலேசியாவின் சுங்கை சிப்புட்டில் ஒரு செம்பனை எண்ணெய் ஆலையில் மாறுநேர வேலை பார்க்கும் எனக்கு, பிளேஸ்டேஷன் முன் உட்காரக் கிடைப்பது நாளொன்றுக்கு ஒரு மணி நேரம்தான். அந்த ஒரு மணி நேரத்தைச் சிறுகச் சிறுகச் சேர்த்து, ஏறக்குறைய ஐந்து மாதங்களில் ‘ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2’ விளையாட்டை முடித்தேன். 2018-இல் ராக்ஸ்டார் நிறுவனம் வெளியிட்ட அது, 1899-ஆம் ஆண்டு அமெரிக்காவில் சட்டத்துக்குத் தப்பி இடம்விட்டு இடம் பெயரும் ஒரு கூட்டத்தின் கதை. அதன் முடிவை இங்கே சொல்லப் போவதில்லை. இன்னும் விளையாடாதவர்களுக்கு அதைக் கெடுக்க எனக்கு உரிமை இல்லை. முடித்த இரவு தூக்கம் வரவில்லை என்பதை மட்டும் சொல்லலாம். அதற்குப் பிறகு ஒன்றரை ஆண்டில் நான்கு விளையாட்டுகளை வாங்கி, ஒன்றைக்கூட ஒரு வாரத்துக்கு மேல் தொடராமல் விட்டேன். நான்குமே நல்ல விளையாட்டுகள். நான் தேர்ந்தெடுத்த முறைதான் பிழையானது. ஈப்போவில் டிப்ளோமா படிக்கும் என் அக்கா மகன் அண்மையில் அதே விளையாட்டைத் தன் கணினியில் முடித்துவிட்டு, “மாமா, இதே மாதிரி இன்னொன்னு சொல்லுங்களேன்” என்று கேட்டபோதுதான், நான் செய்த தவறுகளை ஒழுங்காக எழுதி வைக்க வேண்டும் என்று தோன்றியது.

முதல் தவறு அவசரம். ஒரு விளையாட்டை முடித்த கையோடு, பல வேளைகளில் அதே இரவிலேயே, அடுத்ததைப் பதிவிறக்கத் தொடங்கிவிடுகிறோம். மனம் இன்னும் பழைய ஊரிலேயே இருக்கிறது என்பது ஒருபுறம் இருக்க, விரல்களும் அங்கேயேதான் இருக்கின்றன. அந்த விளையாட்டில் குதிரையை விரட்ட எக்ஸ் பொத்தானைத் திரும்பத் திரும்பத் தட்ட வேண்டும். ஐந்து மாதம் அப்படித் தட்டிப் பழகிய என் கட்டைவிரல், அடுத்து வாங்கிய விளையாட்டில், அதே பொத்தான் குதிப்பதற்கானதாக இருந்ததால், கதாநாயகனை நடுத்தெருவில் காரணமில்லாமல் குதிக்க வைத்துக்கொண்டே இருந்தது. அதைக் கண்டு, புதிய விளையாட்டின் இயக்கம் சரியில்லை என்று தீர்ப்பு எழுதிவிட்டேன். பத்து நாள் இடைவெளி விட்டிருந்தால் அந்தத் தீர்ப்பை எழுதியிருக்க மாட்டேன். அந்த நாள்களில் முடிவைப் பற்றி ஏற்கெனவே விளையாடிய ஒருவரோடு பேசுவது நல்லது. பேசப் பேசத்தான் நமக்கு அதில் எது பிடித்தது என்பது நமக்கே தெளிவாகிறது. அடுத்த தவறுக்கு மருந்தும் அந்தத் தெளிவுதான்.

அடுத்த தவறு எல்லாவற்றிலும் பெரியது. ‘இதே மாதிரி’ என்று கேட்கும்போது, விளையாட்டின் வகையை மட்டும் பிடித்துக்கொண்டு தேடுகிறோம். கடைகளும் அப்படித்தான் அடுக்கி வைத்திருக்கின்றன: திறந்த உலகம் (விரும்பிய திசையில் சுற்றித் திரியும் நிலம்), அதிரடி, பாத்திரமேற்பு என்று. ‘திறந்த உலகம்’ என்ற பெயர் நிலப்படம் எப்படி அமைந்திருக்கிறது என்பதைச் சொல்லுமே தவிர, அந்த நிலத்தில் நமக்கு என்ன நேர்ந்தது என்பதைச் சொல்லாது. நான் வாங்கிக் கைவிட்ட நான்கில் மூன்று, பெரிய நிலப்படமும் குதிரையும் துப்பாக்கியோ வாளோ உள்ளவை என்பதற்காக மட்டுமே வாங்கப்பட்டவை.

ஆகவே மருமகனிடம் எந்தப் பெயரையும் சொல்வதற்கு முன், அந்த விளையாட்டில் இப்போதும் நினைவுக்கு வரும் ஓர் இடத்தைச் சொல்லும்படி கேட்டேன். சற்று யோசித்துவிட்டு, “கேம்ப்ல ராத்திரி எல்லாரும் நெருப்பச் சுத்தி உக்காந்து பாட்டுப் பாடுவாங்கல்ல, அது மாமா” என்றான். துப்பாக்கிச் சண்டையைப் பற்றியோ இரயில் கொள்ளையைப் பற்றியோ ஒரு சொல் இல்லை. அந்த முகாமில் நாம் விறகு பிளக்கலாம், மூட்டை சுமக்கலாம், யார் யாரோடு மனஸ்தாபத்தில் இருக்கிறார்கள் என்று ஒட்டுக்கேட்கலாம். எந்த வேலைக்குப் போனாலும் திரும்பி வந்து சேர அந்த மனிதர்கள் இருக்கிறார்கள். ரப்பர்த் தோட்டத்து லயத்தில், அதாவது தொழிலாளர் வரிசை வீடுகளில், பிறந்து வளர்ந்த எனக்கு, பால்வெட்டு முடிந்த மாலைகளில் லயத்து வாசலில் பெரியவர்கள் உட்கார்ந்து பேசும் காட்சி அந்த முகாமில் தெரிந்தது. அந்த லயம் இப்போது இல்லை. அங்கே செம்பனை நிற்கிறது. என்னைப் பிடித்து வைத்தது அந்த வாசல்தான் என்பதை அறியாமல், நான் குதிரைகளைத் தேடி அலைந்திருக்கிறேன்.

இழந்தது மனிதர்களை என்றால், தேட வேண்டியது மனிதர்களிடம் திரும்பி வரும் விளையாட்டை. 2023-இல் லாரியன் நிறுவனம் வெளியிட்ட ‘பல்டூர்ஸ் கேட் 3’ வெளித்தோற்றத்தில் இதற்கு எந்த வகையிலும் ஒத்ததல்ல: மந்திரவாதிகள், பகடை உருட்டல், ஒருவர் மாற்றி ஒருவர் முறை எடுத்துப் போரிடும் சண்டை. ஆனால் அதிலும் பகல் முடிந்ததும் ஒரு முகாம் உண்டு. உடன் வருபவர்கள் அங்கே மனம் திறப்பார்கள், முறைத்துக்கொள்வார்கள், சில வேளை விட்டுப் பிரிந்தும் போவார்கள்.

நினைவில் நிற்பது நிலமே என்றால் வழி வேறு. ‘கோஸ்ட் ஆஃப் சுஷிமா’வில், 1274-இல் மங்கோலியர் படையெடுத்த ஜப்பானியத் தீவில், போகும் திசையைக் காட்டுவது அம்புக்குறி அல்ல, காற்று, புல் சாயும் பக்கம் குதிரையைத் திருப்பினால் போதும். கடினமான ஒன்றைத் தோற்றுத் தோற்றுக் கற்றுக்கொண்ட நிறைவுக்காக ‘எல்டன் ரிங்’கை நேசித்தவர், இன்னொரு பெரிய நிலப்படத்தைத் தேடுவதைவிட, 2017-இல் டீம் செர்ரி என்ற சிறிய ஆஸ்திரேலியக் குழு பூச்சிகளைப் பாத்திரங்களாக்கி, தட்டையான ஓவியமாக வரைந்த ‘ஹாலோ நைட்’டை எடுத்துப் பார்க்கலாம். தானே துப்புத் துலக்கியதில் மகிழ்ந்தவருக்கு 2019-இல் வந்த ‘அவுட்டர் வைல்ட்ஸ்’ உண்டு. அதில் ஆயுதமோ சக்தியோ கூடுவதில்லை, முன்னேற உதவுவது நாம் தெரிந்துகொண்டது மட்டுமே. ‘விட்சர் 3’ஐ நூறு மணி நேரத்துக்கு மேல் விளையாடிய ஆலை நண்பர் ஒருவர், யோசித்துப் பார்த்தால் தனக்கு மிகவும் பிடித்தது அதற்குள் இருந்த குவெண்ட் என்ற சீட்டாட்டம்தான் என்று கண்டுகொண்டார். அவருக்கு அடுத்துத் தேவைப்பட்டது ஒரு நல்ல சீட்டாட்டம்.

எந்த விளையாட்டாலும் ஈடுசெய்ய முடியாத ஓர் இழப்பும் இருக்கிறது என்பதைச் சொல்லியாக வேண்டும். கொரோனா பரவலால் நம் நாட்டில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை 2020 மார்ச் 18-ஆம் தேதி தொடங்கியது. ‘அனிமல் கிராசிங்: நியூ ஹொரைசன்ஸ்’ மார்ச் 20-ஆம் தேதி வெளிவந்தது. வீட்டைவிட்டு நகர முடியாத அந்த வாரங்களில், அதில் தாங்கள் அமைத்த தீவுகளுக்கு ஒருவருக்கொருவர் போய்வந்து பழகியவர்களுக்கு அது விளையாட்டு மட்டுமல்ல, பார்க்க முடியாமல் போன தோழர்களைப் பார்த்த இடம். அவர்கள் இன்று அதே நிறைவைத் தரும் விளையாட்டைத் தேடினால், உண்மையில் தேடுவது அந்தக் காலத்தை. இதை உணர்ந்துகொண்டால், புதிதாக வாங்கும் விளையாட்டின் மீது அது சுமக்க முடியாத பாரத்தை ஏற்றாமல் இருக்கலாம்.

ஒரு நிறுவனத்தின் பெயரை மட்டும் நம்பி முன்பணம் கட்டுவது இன்னொரு தவறு. 2015-இல் ‘விட்சர் 3’ஐத் தந்த சிடி ப்ராஜெக்ட் ரெட் நிறுவனம் 2020 டிசம்பர் 10-ஆம் தேதி ‘சைபர்பங்க் 2077’ஐ வெளியிட்டபோது, முந்தையதன் மீதிருந்த அன்பினாலேயே பலர் காத்திருந்து வாங்கினார்கள். பழைய பிளேஸ்டேஷன் 4 கருவியில் அது அடிக்கடி நின்றுபோகும் நிலையில் இருந்தது. ஒரே வாரத்தில் சோனி தன் இணையக் கடையிலிருந்து அதை நீக்கியது. அடுத்த ஆண்டு ஜூனில்தான் அது கடைக்குத் திரும்பியது. 2023 செப்டம்பரில் வந்த 2.0 பதிப்பு அதைப் பெரிதும் திருத்தியமைத்தது. ஏறக்குறைய மூன்று ஆண்டு பொறுத்தவர்களுக்குக் கிடைத்தது முற்றிலும் வேறு தரத்திலான விளையாட்டு. இவ்வளவுக்கும், அது சரியாக ஓடியிருந்தாலும் ‘விட்சர் 3’ போல இருந்திருக்காது: முன்னதில் நாயகனை அவன் முதுகுக்குப் பின்னாலிருந்து பார்க்கிறோம், பின்னதில் அவன் கண்களாலேயே உலகைப் பார்க்கிறோம். வெளிவந்து ஒரு மாதமாவது கழித்து, நாம் வைத்திருக்கும் அதே கருவியில் விளையாடியவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று கேட்ட பிறகு வாங்குவதால் இழப்பு ஒன்றும் இல்லை.

அடுத்த பாகத்தையோ முந்தைய பாகத்தையோ உடனே தொடங்குவதில் எனக்குத் தயக்கம் உண்டு. கதை பாதியில் நிற்கிறது என்றால் தொடரலாம். முடிந்த கதை என்றால் இடைவெளி தேவை. ‘ரெட் டெட் ரிடெம்ப்ஷன்’ முதல் பாகத்தின் கதை 1911-இல், அதாவது இரண்டாம் பாகத்துக்குப் பின்னர் நடக்கிறது. ஆனால் அது 2010-இல் உருவாக்கப்பட்டது. கதை முன்னே போக, முகங்களும் அசைவுகளும் எட்டு ஆண்டு பின்னே போகின்றன. முதலில் அதன் பழைமையை மட்டுமே கண்டு மூடிவிட்ட நான், பல மாதம் கழித்துத் திரும்பியபோது முழுமையாக மகிழ்ந்தேன். ‘செல்டா’ தொடரில் 2017-இல் வந்த ‘பிரெத் ஆஃப் தி வைல்ட்’டும் 2023-இல் வந்த ‘டியர்ஸ் ஆஃப் தி கிங்டம்’மும் ஒரே நிலத்தில் நடப்பவை; பின்னதில் வானமும் பாதாளமும் கூடுதல். முதன்முதலாக ஒரு மலையேறி அந்த நிலத்தைக் கண்ட வியப்பை நாடுபவருக்கு, அதே மலையை அடுத்த மாதமே மீண்டும் ஏறுவது அவ்வளவாக உதவாது.

நீளத்தைக் கணக்கில் எடுக்காமல் வாங்குவது, வேலைக்குப் போகும் நம் போன்றவர்களுக்கு உரிய தவறு. அறுபது மணி நேரக் கதையை முடித்தவர் இன்னொரு அறுபது மணி நேரக் கதையைத் தொடங்கும்போது, நாளுக்கு ஒரு மணி என்ற கணக்கில் இரண்டு மாத ஒப்பந்தத்தில் கையெழுத்திடுகிறார். நடுவில் சிறியது ஒன்றை வைப்பதே நான் இப்போது பின்பற்றும் முறை. 2012-இல் வந்த ‘ஜர்னி’யை ஏறக்குறைய இரண்டு மணி நேரத்தில், ஒரே அமர்வில், ஒரு சொல் உரையாடல் இல்லாமல் முடித்துவிடலாம். தமிழர்களாகிய நாம் தவறவிடக் கூடாதது ‘வெண்பா’. 1980-களில் தமிழ்நாட்டிலிருந்து கனடாவுக்குக் குடிபெயர்ந்த ஒரு குடும்பத்தின் கதையான அதை, டொராண்டோவிலுள்ள விசை கேம்ஸ் 2023-இல் வெளியிட்டது. அடுத்த ஆண்டு அறிமுக விளையாட்டுக்கான பிரிட்டனின் பாஃப்டா விருதும் பெற்றது. அம்மாவின் பழைய சமையல் குறிப்பேடு சிதைந்து போயிருக்க, அழிந்த வரிகளை ஊகித்து இட்லியும் பிரியாணியும் சமைக்க வேண்டும். இரண்டு மணி நேரம்கூட ஆகாது. இரண்டு பெரிய விளையாட்டுகளுக்கு நடுவே வாய் கொப்பளிக்க வைத்த தண்ணீர் என்று அதைக் கருத வேண்டாம்; தாய்மொழி பேசத் தயங்கும் பிள்ளையை வளர்த்த எந்தத் தாயும் அதில் தன்னைக் காண்பார்.

தள்ளுபடிக் காலத்தில் மொத்தமாக வாங்குவதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. இருபது வெள்ளிக்கு (ரிங்கிட்டுக்கு) கிடைத்தது என்பது விளையாடுவதற்கான காரணம் ஆகாது. வாங்கும் முன் இடத்தையும் இணையத்தையும் பார்க்க வேண்டும்: கணினியில் ‘ரெட் டெட் ரிடெம்ப்ஷன் 2’, ‘பல்டூர்ஸ் கேட் 3’ இரண்டும் தனித்தனியே 150 ஜிபி இடம் கேட்பவை. கண்ணாடி இழை இணைப்பு வராத தோட்டத்து வீட்டில், கைப்பேசித் தரவை நம்பிப் பதிவிறக்கத்தைத் தொடங்குவது மாதக் கடைசிவரை வருத்தம் தரும். கணினி விளையாட்டுகளை விற்கும் ஸ்டீம் இணையக் கடையில், வாங்கிய 14 நாள்களுக்குள், இரண்டு மணி நேரத்துக்கும் குறைவாக விளையாடியிருந்தால் பணத்தைத் திரும்பப் பெறலாம். பிளேஸ்டேஷன் கடையிலும் 14 நாள் உண்டு, ஆனால் பதிவிறக்கத் தொடங்கிவிட்டால், விளையாட்டில் பழுது இருந்தாலன்றி, பணம் திரும்பாது.

இந்த இரண்டு மணி நேர விதி நல்லது. ஆனால் அதையே தீர்ப்பு நேரமாகக் கொள்வதும் தவறு. நான் இவ்வளவு நேசிக்கும் விளையாட்டின் முதல் அத்தியாயம் பனிமலையில் நடக்கிறது. குளிரும் பசியுமாக, இழுத்து இழுத்து, மெதுவாகச் செல்கிறது. இரண்டு மணி நேரத்தில் முடிவு செய்திருந்தால் நானே அதைத் திருப்பிக் கொடுத்திருப்பேன். மெதுவாகத் தொடங்கும் கதை விளையாட்டுக்கு ஐந்து அமர்வு என்று நான் வைத்திருக்கிறேன். அதற்குள் ஒருமுறையாவது, ஆலையில் வேலைக்கு நடுவே, நேற்று விட்ட இடம் தானாக நினைவுக்கு வந்தால் தொடர்வேன். வராவிட்டால் குற்றவுணர்வு இல்லாமல் நிறுத்திவிடுவேன்.

மருமகன் முதலில் ‘வெண்பா’வை எடுத்தான். தீபாவளி விடுமுறையில் வீட்டுக்கு வந்திருந்தவன், அவன் அம்மாவைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டு விளையாடினான். இட்லித் தட்டுகளை அவன் ஒன்றன்மேல் ஒன்றாகத் தப்பாக அடுக்கியதைக் கண்டு, “இப்படி அடுக்கினா ஆவி எப்படிடா போகும்?” என்று அக்கா எழுந்து திரையைத் தொட்டுக் காட்டினார். மறுவாரம் ஈப்போவுக்குத் திரும்பிய பிறகு ‘பல்டூர்ஸ் கேட் 3’ஐப் பதிவிறக்க ஒரு முழு இரவு ஆனது என்று சொன்னான். முகாமில் யாரோடு முதலில் பேச வேண்டும் என்று கேட்டான். அதை அவனையே கண்டுபிடிக்கச் சொல்லிவிட்டேன்.