பழைய மோரிஸ் மைனருக்கு எந்த ஸ்பார்க் பிளக்?

எங்கள் மலேசியச் சுங்கை சிப்புட் வட்டாரத்தில் பழைய மோரிஸ் மைனர் காரைத் தட்டி எழுப்ப நினைக்கும் பிள்ளைகள் முதலில் தடுமாறுவது, பெட்ரோலைப் பற்றவைக்கப் பொறி தரும் ஸ்பார்க் பிளக்கில்தான். கழற்றியதைக் கடையில் காட்டி, "தவுக்கே (முதலாளி), இதே மாதிரி நாலு" என்று வாங்கி வந்துவிடுகிறார்கள். கழற்றியதே தவறான பிளக்காக இருந்தால்? அதனால் கையில் இருக்கும் பிளக்கை நம்பாமல் என்ஜினிலிருந்து தொடங்குங்கள்.

முதலில் மரை. மைனரின் 948 சிசி, 1098 சிசி என்ஜின்கள் இரண்டுக்கும் பிளக் மரையின் விட்டம் 14 மில்லிமீட்டர், நீளம் 19 மில்லிமீட்டர். நீளத்தில் விட்டுக்கொடுக்கவே கூடாது. பழைய பீட்டில் காரின் பிளக்கும் அதே 14தான், ஆனால் மரை நீளம் 12.7. அதை மைனரில் போட்டாலும் ஏறும், வண்டியும் ஓடும். ஆனால் பொறி குழிக்குள்ளேயே அடங்கிவிடும். பிளக் எட்டாமல் விட்ட என்ஜின் மரையில் கரி படிந்துவிட்டால், பிறகு சரியான பிளக்கை ஏற்றவே பாடாகிவிடும்.

அடுத்தது வெப்ப எண், அதாவது பிளக் தன் சூட்டை எவ்வளவு வேகமாகக் கடத்தும் என்பதைக் காட்டும் எண். இதைத்தான் நிதானமாகப் புரிந்துகொள்ள வேண்டும். பிளக்கின் முனை ஏறக்குறைய 450 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடானால்தான் தன் மேல் படியும் கரியைத் தானே எரித்துக்கொள்ளும். 850ஐத் தாண்டினால் பொறி வருவதற்கு முன்பே பெட்ரோல் பற்றிக்கொள்ளும். முனையின் சூட்டை சிலிண்டர் ஹெட்டுக்கு (பிளக் ஏறும் என்ஜினின் மேல்பாகம்) மெதுவாகக் கடத்துவது சூடான பிளக், வேகமாகக் கடத்துவது குளிர்ந்த பிளக்.

என்ஜிகே பிளக்கில் எண் குறைந்தால் சூடு அதிகம். சாம்பியனிலும் போஷிலும் நேர்மாறு, எண் கூடினால் சூடு அதிகம். பிராண்ட் மாற்றும்போது பலர் கோட்டை விடுவது இங்கேதான். என்ஜிகே பிபி6இஎஸ்ஸுக்கு இணை சாம்பியன் என்9ஒய்சி. பிபி5இஎஸ்ஸுக்கு இணை என்12ஒய்சி. தோட்டத்துச் சாலையிலும் சந்தைக்கும் மெதுவாக ஓடும் மைனருக்கு நான் 5ஐத்தான் சொல்வேன். ஈப்போ, கோலாலம்பூர் என்று நெடுஞ்சாலையில் விரட்டினால் 6. நம் ஊர் வெயிலுக்குக் குளிர்ந்த பிளக்தான் வேண்டும் என்பார்கள். என்ஜினுக்குள் எரியும் சூட்டுக்கு முன்னால் வெளி வெயில் பெரிய கணக்கே இல்லை.

இரிடியம் பிளக்குக்குக் காசு செலவழிக்க வேண்டாம். சாதாரணத் தாமிரப் பிளக்கே போதும்.

வாங்கியாச்சு. உடனே மாட்டிவிடாமல், பொறி தாவும் இரு கம்பிகளுக்கு நடுவே உள்ள இடைவெளியைப் பாருங்கள். மைனருக்கு 0.64 மில்லிமீட்டர், அதாவது 0.025 அங்குலம். பெட்டியிலிருந்து எடுக்கும்போது பெரும்பாலும் அதைவிட அகலமாகத்தான் இருக்கும். இடைவெளி அளக்கும் ஃபீலர் கேஜின் தகடு லேசாக உரசிக்கொண்டு போக வேண்டும். வளைந்த கம்பியை மட்டும் தட்டிச் சரி செய்யுங்கள். நடுக்கம்பியில் கை வைத்தால் பீங்கான் விரிசல் விடும்.

கழற்றுவதற்கு முன் பிளக்கைச் சுற்றியிருக்கும் செம்மண்ணைக் காற்றடித்து ஊதிவிடுங்கள், இல்லாவிட்டால் அவ்வளவும் சிலிண்டருக்குள் போகும். என்ஜின் ஆறிய பிறகே ஸ்பேனரை எடுங்கள். மாட்டும்போது பிளக்கின் தலையில் ஒரு துண்டு ரப்பர் குழாயைச் செருகி, விரலால் குழாயைத் திருகுங்கள். மரை பிசகினால் குழாய் வழுக்கும், ஹெட் தப்பிக்கும். வாஷர் உட்கார்ந்ததும் புதுப் பிளக்குக்கு ஸ்பேனரில் இன்னும் அரைச் சுற்று, அவ்வளவுதான். பழைய பிளக்கையே திரும்ப மாட்டினால் முழுச் சுற்றில் பன்னிரண்டில் ஒரு பங்கு போதும்.

அப்புறம் நன்றாக ஒரு ஓட்டம் ஓட்டிவிட்டு, வண்டியைச் சும்மா உறும விடாமல் அணைத்து, ஆறியதும் நாலையும் கழற்றி வரிசையாக வையுங்கள். பீங்கான் முனை பாலில்லாத தேநீர் போல இளம்பழுப்பாக இருந்தால் சரி. வெளுத்துக் கொப்பளித்திருந்தால் பிளக் அதிகச் சூடு, அல்லது பெட்ரோல் குறைவாகப் போகிறது. உலர்ந்த கரியாக இருந்தால் பெட்ரோலையும் காற்றையும் கலக்கும் கார்புரேட்டரையும் சோக்கையும் பார்த்துவிட்டுத்தான் வெப்ப எண்ணைத் தொட வேண்டும். ஒரே ஒரு பிளக் மட்டும் எண்ணெயில் நனைந்திருந்தால், அந்த சிலிண்டரின் பிஸ்டன் ரிங்கையோ வால்வையோ பார்க்க வேண்டும். எந்த எண் பிளக்கும் அதற்கு மருந்தில்லை.