மூழ்கினார் என்று எழுதினால் செத்துப்போவார்!

அண்மையில் ஒரு மொழிபெயர்ப்பைத் திருத்த உட்கார்ந்தேன். 'காலையில் ஆறு வீரர்கள் கடலில் மூழ்கினர்' என்றிருந்தது. திக்கென்றது. அடுத்த பத்தியில் அந்த ஆறு பேரும் டீ குடித்துக்கொண்டிருந்தார்கள்! 'டைவ்' என்பதற்கு அகராதியில் முதலில் கண்ணில் பட்ட சொல்லைப் போட்டதால் வந்த வினை.

'நீரில் மூழ்கி இருவர் பலி' என்று தினமும் செய்தித்தாளில் படிக்கிறோம். அதனால் மனிதன் மூழ்கினான் என்றாலே போய்ச் சேர்ந்தான் என்றுதான் காதில் விழும். நீர்மூழ்கிக் கப்பலில் இந்தச் சிக்கல் இல்லை, அது பெயராகிவிட்டது. ஆளைச் சொல்லும்போது 'மூழ்கி எழுந்தார்' என்று கரையேற்றிவிடுங்கள். அல்லது 'முங்கினார்' போதும். கிணற்றில் முங்கிப் போய், அடியில் கிடக்கும் சேற்றை ஒரு கை அள்ளிவந்து காட்டிய பையன்களைக் கேளுங்கள், எவனும் 'மூழ்கினேன்' என்று சொல்ல மாட்டான்.

அடுத்தது 'குளி'. தூத்துக்குடி முத்துக்குளிப்பில் குளிப்பது என்ன, சோப்பு போட்டா? இங்கே குளித்தல் என்றால் நீருக்குள் இறங்கித் தேடி எடுப்பது. சங்கு குளிப்பதும் அப்படித்தான். இதைப் பேச்சுவழக்குக் கொச்சை என்று நினைத்து 'முத்து எடுத்தல்' என்று மாற்றுகிறவர்கள் இருக்கிறார்கள். வேண்டாமே! குறளிலேயே (929) 'கீழ்நீர்க் குளித்தானைத் தீத்துரீஇ அற்று' என்று வருகிறது. குடிபோதையில் இருப்பவனுக்குக் காரணம் சொல்லித் தெளியவைப்பது, தண்ணீருக்கு அடியில் போய்விட்டவனைத் தீப்பந்தம் பிடித்துத் தேடுவது போல என்கிறார் வள்ளுவர். உடம்பில் அம்பு தைத்து உள்ளே போவதற்கும் குளித்தல் என்ற சொல் உண்டு.

'குளிர்வித்தல்தான் மருவிக் குளித்தல் ஆனது' என்று ஒரு வாட்ஸ்அப் செய்தி சுற்றுகிறதே, அதை இந்த இடத்தில் வைத்துப் பாருங்கள். குறளில் நீருக்கடியில் கிடப்பவனையோ அம்பு பட்டவனையோ யார் குளிர்வித்தது?

'சுழியோடி' என்ற சொல்லைப் பார்த்தால் தமிழ்நாட்டு வாசகர்கள் சிலர், சுழலில் மாட்டி ஓடுகிறவன் என்று பொருள் கொள்கிறார்கள். இலங்கைத் தமிழில் டைவர் என்பதற்கு அதுதான் அன்றாடச் சொல், அங்கே செய்திகளில் 'கடற்படைச் சுழியோடிகள்' என்றே வரும். நாமும் தாராளமாக எடுத்துக்கொள்ளலாம் என்பேன், 'ஆழ்கடல் நீச்சல் வீரர்' என்று நீட்டி முழக்குவதைவிட மேல்.

சரி, ஸ்கை டைவிங்? 'வான் மூழ்கல்' என்றெல்லாம் எழுதாதீர்கள். ஆங்கில 'டைவ்'வும் 'டிப்', 'டீப்' ஆகியவற்றின் உறவுக்காரச் சொல்தான், நீருக்குள் இறங்குவதில் தொடங்கி அப்புறம்தான் ஆகாயத்துக்குப் போனது. நம் சொல்லும் கூடவே போகவேண்டும் என்று கட்டாயமில்லை. விமானத்திலிருந்து குதித்தார், அவ்வளவுதான். கிரிக்கெட்டில் பந்தைப் பாய்ந்து பிடித்தார். நண்பரிடம் சொல்லும்போது 'டைவ் அடிச்சுப் புடிச்சான்' என்றாலும் குற்றமில்லை.