அணைக்கரையில் கோடை: வானிலை முன்னறிவிப்பை நாமே படிக்கப் பழகுவது எப்படி?

பவானிசாகர் அணைக்குக் கிழக்கே, கீழ்பவானி வாய்க்காலிலிருந்து கூப்பிடு தூரத்தில் எங்களுக்கு இரண்டு ஏக்கர் வாழை. மாசி பிறந்துவிட்டால் டீக்கடையில் ஒரே பேச்சுதான்: "இந்த வருடம் கோடை எப்படி?" உடனே யாராவது கைப்பேசியை எடுத்து அதிலிருக்கும் சூரியன் படத்தை நீட்டுவார். சூரியன் இருப்பது எங்களுக்கும் தெரியும். கொஞ்சம் உருப்படியான பதில் வேண்டுமானால் ஒரு நோட்டு, நேரான பக்கங்கள் கொண்ட ஒரு கண்ணாடி ஜாடி, ஒரு ஸ்கேல், தினமும் பத்து நிமிடம் போதும்.

படி 1: வரைபடத்தின் நிறத்தைப் புரிந்துகொள்ளுங்கள்

இந்திய வானிலை ஆய்வுத் துறை பிப்ரவரி கடைசியில் மார்ச் முதல் மே வரைக்கும், மார்ச் கடைசியில் ஏப்ரல் முதல் ஜூன் வரைக்கும் கோடைக் கணிப்பை வெளியிடுகிறது. அதிலுள்ள வரைபடத்தில் நம் பகுதி சிவந்திருந்தால், வெயில் எத்தனை டிகிரி அடிக்கும் என்று பொருள் இல்லை. இயல்பைவிடக் கூடுதலாக இருக்க எவ்வளவு வாய்ப்பு என்பதைத்தான் அந்த நிறம் சொல்கிறது. இயல்புக்கு மேல், இயல்பு, இயல்புக்குக் கீழ் என மூன்று பங்கு. எதுவுமே தெரியாதபோது ஒவ்வொன்றுக்கும் ஏறக்குறைய 33 சதவீதம். நம் ஊர் மேல் 60 என்று போட்டிருந்தால், மேல்பக்கம் சாய்ந்திருக்கிறது என்று கொள்ளுங்கள். மீதி 40 இன்னும் களத்தில்தான் இருக்கிறது.

இதில் நானே சூடுபட்டவன். ஒரு வருடம் கோடை மழை இயல்பைவிடக் குறையும் என்று வந்த கணிப்பைப் படித்துவிட்டு, வாழைக்கு முட்டுக் கொடுப்பதைத் தள்ளிப்போட்டேன். கம்புச் செலவு மிச்சம் என்று கணக்கு. மே மாதத்தில் ஒரு சாயங்காலம், இருபது நிமிடம் சூறைக்காற்று. தார் தள்ளிய மரங்களில் மூன்றில் ஒரு பங்கு இடுப்போடு முறிந்து கிடந்தது. அன்றைக்குப் பெய்த மழை ஜாடியின் அடியைத்தான் நனைத்தது. கணிப்பு பொய்க்கவில்லை, அந்தக் கோடையில் மழை குறைவுதான். மூன்று மாத மொத்தத்தைச் சொல்லும் கணிப்பில் ஒரு சாயங்காலக் காற்றைத் தேடியது என் தப்பு.

படி 2: அன்றாட அறிக்கையின் சொற்களை அளந்து படியுங்கள்

"ஈரோடு மாவட்டத்தில் ஓரிரு இடங்களில் இடியுடன் மழை" என்றால், மழைமானி நிலையங்களில் கால் பங்கு அல்லது அதற்கும் குறைவான இடங்களில் பெய்யலாம் என்று அர்த்தம். பெருந்துறையில் கொட்டி இங்கே புழுதி பறந்தாலும் அறிக்கை சரிதான். "பெரும்பாலான இடங்களில்" என்றால் முக்கால் பங்குக்கு மேல். 24 மணி நேரத்தில் 64.5 மில்லிமீட்டரை எட்டினால்தான் அது கனமழை. சமவெளியில் 40 டிகிரியைத் தொட்டு, இயல்பைவிட 4.5 டிகிரியாவது கூடினால், அல்லது 45 டிகிரியையே எட்டினால்தான் வெப்ப அலை. நெற்றியில் வியர்த்ததெல்லாம் வெப்ப அலை ஆகாது.

கத்திரி வெயிலைப் பற்றி ஒரு வார்த்தை. பஞ்சாங்கப்படி மே 4 வாக்கில் தொடங்கி 28 வரை. கோவையில் பகல் வெப்பத்தின் சராசரி ஏப்ரலிலேயே உச்சத்தைத் தொட்டு மே மாதத்தில் சற்று இறங்கிவிடுகிறது. ஆகவே நிழல்வலை கட்டுவதற்குக் கத்திரி வரட்டும் என்று காத்திருக்காதீர்கள்.

பயிர் வைத்திருப்பவர்கள் மேகதூத் செயலியைப் போட்டுக்கொள்ளுங்கள். வாரம் இருமுறை, செவ்வாயும் வெள்ளியும், மாவட்டவாரியாக வேளாண் அறிவுரை வரும். மின்னல் எச்சரிக்கைக்கு தாமினி செயலி.

படி 3: கைப்பேசிச் செயலியைச் சந்தேகத்தோடு பாருங்கள்

கணினி மாதிரிகள் நிலத்தைக் கட்டம் கட்டமாகப் பிரித்துத்தான் கணக்கிடுகின்றன. இந்திய மாதிரி 12 கிலோமீட்டர் கட்டத்திலிருந்து 6 கிலோமீட்டருக்கு வந்ததே 2025 மே மாதத்தில்தான். நம் இடமோ வில்லங்கமானது. அணை இருப்பது 300 மீட்டருக்கும் குறைவான உயரத்தில். காகம் பறக்கும் தூரத்தில் முப்பது கிலோமீட்டர்கூட இல்லாத கோத்தகிரி ஏறக்குறைய 1,800 மீட்டரில். சரிவையும் சமவெளியையும் ஒரே கட்டம் விழுங்கினால், இரண்டுக்கும் பொருந்தாத ஒரு எண் வரும். ஒரு வாரம் செயலி சொன்னதையும் நிழலில் மாட்டிய வெப்பமானி காட்டியதையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிப் பாருங்கள். எத்தனை டிகிரி தள்ளிச் சொல்கிறது என்று தெரிந்துவிட்டால், அதைக் கழித்துக்கொண்டு பயன்படுத்தலாம்.

படி 4: மழையை அளங்கள்

மழை அளவு என்பது தண்ணீர் நிற்கும் ஆழம். அதனால் வாயும் அடியும் ஒரே அகலமுள்ள எந்த ஜாடியும் மழைமானிதான். கூரையிலிருந்தும் மரத்திலிருந்தும் தள்ளி, கவிழாமல் செங்கல் அணைத்து வையுங்கள். தினமும் காலை எட்டரைக்கு அளந்து கொட்டிவிடுங்கள். வானிலைத் துறையின் நாளும் எட்டரைக்குத்தான் தொடங்குகிறது.

ஸ்கேலை ஜாடிக்குள் விடும் முன் அதன் நுனியைப் பாருங்கள். பள்ளிக்கூட ஸ்கேலில் பூஜ்யம் பெரும்பாலும் நுனியிலேயே இருக்காது, சில மில்லிமீட்டர் தள்ளித்தான் இருக்கும். நான் ஒரு கோடை முழுக்க ஒவ்வொரு மழையையும் 4 மில்லிமீட்டர் குறைத்து எழுதிவைத்திருந்தேன். பிறகு நுனியை அரத்தால் ராவிவிட்டேன்.

படி 5: காற்றைக் கவனியுங்கள்

அணையின் ஏரி பக்கத்தில் இருப்பதால் மழை கூடும் என்று பலர் நம்புகிறார்கள். நான் நம்புவதில்லை. கரையோரம் பகல் சூடு சற்றுத் தணியலாம், புழுக்கம் கூடலாம், அவ்வளவுதான். எங்கள் அப்புச்சி ஏரியைப் பார்த்து மழை சொன்னதே இல்லை. "கண்ணு, கீழ்க்காற்று திரும்பி, மலைமேல் மேகம் பூக்கோசு மாதிரி எழும்பினால், களத்தில் காய்வதை அள்ளிவிடு" என்பார்.

அதில் விஷயம் இருக்கிறது. கோடை இடிமழைக்கு வங்கக் கடல் பக்கமிருந்து வரும் ஈரக்காற்றும், தரை கொதிப்பதால் மேலெழும் வெப்பச்சலனமும் வேண்டும். மலைச்சரிவு அந்த ஈரத்தை மேலே தூக்கிவிடும். மழை விழும்போது, கீழேயிருக்கும் வறண்ட காற்றில் அதில் ஒரு பகுதி ஆவியாகிறது. அதில் குளிர்ந்து கனத்த காற்று தரையில் மோதி, நாலாபக்கமும் பாய்கிறது. மழைக்கு முன்னால் வரும் அந்தச் சில்லென்ற புழுதிக்காற்றுதான் வாழையைச் சாய்ப்பது. அது முகத்தில் அடித்த பிறகு செய்ய நேரமில்லை, மேகம் எழும்பும்போதே ஆட்களை வயலிலிருந்து கூப்பிட்டுவிடுங்கள். முட்டு, பங்குனியிலேயே கொடுத்திருக்க வேண்டும்.

படி 6: அணையின் கணக்கை எழுதுங்கள்

நாளிதழில் தினமும் நான்கு எண்கள் வருகின்றன: நீர்மட்டம், இருப்பு, வரத்து, வெளியேற்றம். பவானிசாகரின் முழு மட்டம் 105 அடி, கொள்ளளவு 32.8 டிஎம்சி (ஒரு டிஎம்சி என்பது நூறு கோடி கனஅடி). விநாடிக்கு 11,574 கனஅடி வீதம் ஒரு நாள் முழுக்க ஓடினால் ஒரு டிஎம்சி. அணை கிண்ணம் போன்றது. மேலே ஓரடி இறங்கினால் போகும் தண்ணீர் மிக அதிகம், அடியில் ஓரடி இறங்கினால் கொஞ்சம்தான். அதனால் அடியை மட்டும் பார்த்துக் கலங்காமல் இருப்பைப் பாருங்கள்.

வெயில் குடிப்பதும் உண்டு. ஆவிமானித் தொட்டியில் ஒரு நாளைக்கு 8 மில்லிமீட்டர் இறங்கினால், ஏரிக்கு அதை 0.7 ஆல் பெருக்குவது வழக்கம்: 5.6. முப்பது நாளில் அரை அடிக்கு மேல் வானத்துக்குப் போய்விடும்.

வரத்தைக் கணிக்க ஈரோடு மாவட்ட அறிக்கையைப் படிப்பது வீண். பவானி நீலகிரியில் பிறந்து, கேரளத்தின் அட்டப்பாடிக்குள் போய்த் திரும்பி வருகிறது. மாயாறு முதுமலைப் பக்கமிருந்து வந்து அணையில் சேர்கிறது. ஆகவே மே பாதியிலிருந்து நோட்டில் நீலகிரி, பாலக்காடு என்று இரண்டு வரி கூட்டிக்கொள்ளுங்கள். கேரளத்தில் தென்மேற்குப் பருவமழை தொடங்கும் வழக்கமான தேதி ஜூன் 1. 2025இல் அது மே 24ஆம் தேதியே வந்துவிட்டது. நீலகிரிக்குச் சிவப்பு எச்சரிக்கை கொடுத்தார்கள். நாம் மலைக்கு இந்தப் பக்கம், மழை மறைவில் இருக்கிறோம். அந்தக் காற்று இங்கே வரும்போது ஈரத்தை மலையில் இறக்கிவிட்டு வெறுங்கையோடுதான் வரும்.

மேற்கேயிருந்து வரும் மேல்காற்று வாழை இலையைக் கிழிக்கும், ஜாடியில் ஒரு பொட்டுத் தண்ணீர் இருக்காது, நாளிதழில் வரத்து மட்டும் நூறிலிருந்து ஆயிரங்களுக்குத் தாவியிருக்கும். அன்றைக்கு நோட்டில் "மழை: 0, வரத்து: ஏற்றம்" என்று எழுதிவிட்டு, அடுத்த பக்கத்தைத் தென்மேற்குப் பருவத்துக்குத் தொடங்குங்கள்.