மனித உரிமைப் பிரகடனத்தின் பிறப்பு: எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

மனித உரிமை நாளான டிசம்பர் 10 நெருங்கினால், 1948-இல் ஐ.நா. பொதுச்சபை ஏற்ற மனித உரிமைகளின் உலகளாவிய பிரகடனத்தின் கதை மேடைகளிலும் கட்டுரைகளிலும் மறுபடி சொல்லப்படுகிறது; பழைய பிழைகளும் அதனுடன் சேர்ந்தே வந்துவிடுகின்றன.

அவற்றுள் பெரியது, அமெரிக்க அதிபர் ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட்டின் துணைவியார் எலினோர் ரூஸ்வெல்ட்தான் அதை எழுதினார் என்பது. அவர் ஐ.நா. மனித உரிமை ஆணையத்தின் தலைவராக இருந்தார்; முதல் வரைவை ஆக்கியவரோ ஐ.நா. செயலகத்தில் பணியாற்றிய கனடா நாட்டுச் சட்ட அறிஞர் ஜான் ஹம்ஃப்ரி, அதனை ஒழுங்குபடுத்தியவர் பிரான்சின் ரெனே கசேன்.

மேற்குலகம் தானே எழுதிப் பிறர்மேல் சுமத்திய ஆவணம் என்று சொல்வதும் அரைகுறை வாசிப்பே ஆகும். சீனாவின் பி. சி. சாங், லெபனானின் சார்லஸ் மாலிக், இந்தியாவின் ஹன்சா மேத்தா ஆகியோர் ஆணையத்தில் அமர்ந்து வாதாடியவர்கள். முதல் உறுப்பின் ஆங்கில வரைவு, 'ஆண்கள் எல்லோரும்' என்றும் பொருள்படும் 'ஆல் மென்' என்று தொடங்கியபோது, அச்சொல்லைக் காட்டியே பெண்களை விலக்கிவிட முடியும் என்று மேத்தா மறுத்தார். அதன் விளைவாகவே 'ஆல் ஹியூமன் பீயிங்ஸ்' (மனிதர் எல்லோரும்) என்பது இடம்பெற்றது. "மனிதப் பிறவியினர் சகலரும்" என்று தொடங்கும் தமிழாக்கத்தை மட்டும் படிப்பவருக்கு, ஒரு சொல்லுக்காக இப்படியொரு வழக்கு நடந்த சுவடே தெரியாது.

பிரகடனம் 'ஒருமனதாக' ஏற்கப்பட்டது என்று எழுதும்போது அச்சொல்லையும் கவனத்துடன் கையாள வேண்டும். 1948-இல் பாரிஸில் நடந்த வாக்கெடுப்பில், ஐ.நா.வின் அன்றைய 58 உறுப்பு நாடுகளில் 48 ஆதரித்தன. எதிர்த்து வாக்களித்த நாடு எதுவுமில்லை. ஆனால் சோவியத் ஒன்றியமும் அதன் அணியினரும், யூகோஸ்லாவியா, சவூதி அரேபியா, நிறவெறிக் கொள்கையை அவ்வாண்டுதான் ஆட்சிக்குக் கொண்டுவந்த தென்னாப்பிரிக்கா ஆகியனவுமாக எட்டு நாடுகள் வாக்களிக்காமல் ஒதுங்கின, இரண்டு நாடுகள் வாக்கெடுப்பில் பங்கேற்கவில்லை. ஆதரித்தோர் பட்டியலில் இலங்கையைச் சேர்ப்பதும் தவறு, அது ஐ.நா.வில் இணைந்தது 1955-இல்தான்.

இதுவே முதல் சர்வதேச மனித உரிமைப் பிரகடனம் என்பதும் சரியன்று. அமெரிக்கக் கண்டத்து நாடுகள் ஏழு மாதங்களுக்கு முன்பே பொகோட்டாவில் தங்களுக்கென ஒன்றை ஏற்றிருந்தன. 1215-ஆம் ஆண்டின் ஆங்கில உரிமைச் சாசனமான மாக்னா கார்ட்டாவைப் பிரகடனத்தின் நேர் மூதாதையாகக் காட்டுவோர், அது 'சுதந்திர மனிதருக்கு' மட்டுமே காப்பளித்ததையும், அன்றைய இங்கிலாந்தில் பண்ணையடிமைகள் அவ்வரையறைக்கு வெளியே நின்றதையும் சேர்த்தே எழுத வேண்டும்.

கடைசியாக, பிரகடனத்தை 'ஒப்பந்தம்' என்று எழுதாதீர்கள். அது பொதுச்சபையின் தீர்மானம். அரசுகளைச் சட்டப்படி கட்டுப்படுத்தும் இரு உடன்படிக்கைகள் 1966-இல் ஏற்கப்பட்டு, 1976-இல்தான் நடைமுறைக்கு வந்தன.