தெருவில் படமெடுக்கிறவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சென்ற மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, புதிதாகக் கேமரா வாங்கிய ஆறு பேருடன் வேளச்சேரியில் நடந்துகொண்டிருந்தேன். ஒரு மனை விற்பனைச் சுவரொட்டியில் ‘ஏரிக்கரையில் வீட்டு மனைகள்’ என்று அச்சாகியிருந்தது. யாரோ ‘க்கரை’ மட்டும் மறையும்படி வெள்ளைத் தாளை ஒட்டியிருந்தார்கள். இப்போது அது ‘ஏரியில் வீட்டு மனைகள்’. 2015 வெள்ளத்தைப் பார்த்த ஊரில் இதற்கு விளக்கவுரை தேவையில்லை.

விளம்பரத்தின் பேச்சை அதன்மீதே திருப்பிவிடும் இந்த வேலையைக் கல்ச்சர் ஜாமிங் என்கிறார்கள். 1984இல் ஓர் அமெரிக்க இசைக்குழு வைத்த பெயர் அது. பெயர் வருவதற்கு முன்பே, 1979 முதல், சிட்னியில் ‘புகா அப்’ குழுவினர் சிகரெட் விளம்பரப் பலகைகளில் பெயின்டைப் பீய்ச்சி வாசகங்களை மாற்றிக்கொண்டிருந்தார்கள். இத்தகைய வேலைக்கு ஆயுள் குறைவு. பெரும்பாலும் படம்தான் மிஞ்சுகிறது. அதனால்தான் படமெடுக்கிறவர் செய்யும் தவறுகள் என்னை இவ்வளவு உறுத்துகின்றன.

எழுத்தை மட்டும் வெட்டி எடுப்பது

அன்று ஆறு பேரில் நான்கு பேர் ஜூம் செய்து அந்த ஒரு வரியை மட்டும் எடுத்தார்கள். சுவரில் பழைய வெள்ளத்தின் கறை இடுப்பளவுக்குக் கோடாகப் படிந்திருந்தது. அதை விட்டுவிட்டால் வெறும் சொல் விளையாட்டுதான் மிஞ்சும்.

2019இல் பெங்களூரில் பாதல் நஞ்சுண்டசாமி என்ற ஓவியர், விண்வெளி உடையில் ஒருவரைக் குண்டும் குழியுமான சாலையில் நடக்கவைத்து வீடியோ எடுத்தார். நிலவு என்று நம்பிப் பார்த்துக்கொண்டிருக்கும்போதே ஓர் ஆட்டோ கடந்துபோகிறது. அந்த ஆட்டோவால்தான் அது பெங்களூர் ஆகிறது. நீங்களும் இரண்டடி பின்னால் வந்து, யாராவது கடந்துபோகும் வரை காத்திருங்கள்.

செய்கிறவரைக் காட்டிக்கொடுப்பது

நான் எழுத உட்கார்ந்ததே இதற்காகத்தான். அன்று ஐந்தாவது நபர், இரண்டு கம்பம் தள்ளிப் பசை வாளியுடன் நின்ற இளைஞரைக் கண்டுபிடித்து, முகம் தெளிவாகத் தெரியும்படி எடுத்து, தேநீர் வருவதற்குள் இணையத்தில் போட்டுவிட்டார். நான் கடிந்துகொண்டேன். அவருக்குக் கோபம் வந்தது. பொது இடத்தில் நிற்கிறவரை எடுக்க உரிமை இல்லையா என்று கேட்டார்.

பத்தாண்டுகளுக்கு முன் எனக்கும் இதே எண்ணம்தான். ஒரு மேம்பாலத்தின் அருகே, நள்ளிரவில், ஏணியில் நின்று விளம்பரப் பலகையை மாற்றி எழுதிக்கொண்டிருந்தவரை எடுத்தேன். தெருவிளக்கு பக்கவாட்டில் விழுந்து பாதி முகம்தான் தெரிந்தது. யாருக்கும் அடையாளம் தெரியாது என்று நம்பி விடிவதற்குள் வெளியிட்டேன். ஏணிக்குக் கீழே நின்ற அவருடைய ஸ்கூட்டரை நான் கவனிக்கவே இல்லை. எண் பலகை பளிச்சென்று விழுந்திருந்தது. ஃபிளெக்ஸ் வந்தபின் கையெழுத்து வேலை குறைந்து, ஒரு அச்சுக் கூடத்தின் தயவில் பிழைத்துக்கொண்டிருந்தவர் அவர். அந்த வாரமே அந்த வேலையும் போயிற்று. வீடு தேடிப்போய் மன்னிப்புக் கேட்டேன். படம் நன்றாக வந்திருந்தது என்று மட்டும் சொன்னார். அதற்குப் பிறகு அந்தப் படத்தை நான் யாருக்கும் காட்டியதில்லை.

தமிழ்நாட்டில் பொது இடங்களை அலங்கோலப்படுத்துவதைத் தடுக்கும் சட்டம் 1959இலிருந்தே இருக்கிறது. 2021 மே மாதத்தில் தடுப்பூசி ஏற்றுமதியைக் கேள்வி கேட்ட சுவரொட்டிகளுக்காக டெல்லியில் பலர் கைதானபோது, கூலிக்கு ஒட்டியவர்களும் பிடிபட்டார்கள். சிட்னிக் குழுவில் மருத்துவர்களும் இருந்தார்கள். பிடிபட்டபின் நீதிமன்றத்தில் நின்று வெளிப்படையாக வாதாடினார்கள். முகம் காட்டுவது அவர்களே எடுத்த முடிவு. அந்த முடிவை இன்னொருவருக்காக நீங்கள் எடுக்கக் கூடாது.

கையை எடுங்கள், தூரிகையை எடுங்கள், சுவரில் விழும் நிழலை எடுங்கள். செருப்பு, பச்சை குத்திய கை, வண்டி, பக்கத்துக் கடையின் பெயர் எல்லாவற்றையும் ஒரு முறை சரிபாருங்கள். வெளியிடுவதற்கு முன் சில நாள் போகட்டும். போனில் இருப்பிட வசதி திறந்திருந்தால், நேரத்தோடு எடுத்த இடமும் படக் கோப்புக்குள் பதிவாகிறது. வாட்ஸ்அப்பில் டாக்குமென்டாக அனுப்பினால் அதுவும் கூடவே போகும். முடிந்தால் அவரிடமே கேட்டுவிடுங்கள். வேண்டாம் என்றால் கேமராவை இறக்கிவிடுங்கள்.

நீங்களே ஒட்டிவிட்டு, தற்செயலாகக் கண்டதாகச் சொல்வது

பொய். செய்யாதீர்கள்.

வழிப்போக்கரை நிறுத்தி நடிக்கச் சொல்வது

இதுவும் அப்படித்தான்.

நாளை வந்து எடுத்துக்கொள்ளலாம் என்பது

ஆறாவதாக வந்த பெண் அன்று படமே எடுக்கவில்லை. வெயில் உச்சிக்கு ஏறிவிட்டது, மாலை வெளிச்சத்தில் எடுக்கிறேன் என்றார். அந்த வாரம் புதன்கிழமை மாலை நானும் அவருடன் போனேன். ஏரியும் இல்லை, மனையும் இல்லை. அதே இடத்தில் ஒரு பிறந்தநாள் வாழ்த்துச் சுவரொட்டி, பசை இன்னும் காயாமல் இருந்தது.