பக்கத்தில் நிற்பவர் 20 எண்ணினால் நீங்களும் 20 எண்ண வேண்டியதில்லை

எங்கள் பகுதி மாநகராட்சிப் பூங்காவில் தினமும் காலை ஆறு மணிக்கு உடற்பயிற்சிக்கு ஒரு கூட்டம் சேரும். 35 வயது ஐடிக்காரரும் இருப்பார், 80ஐத் தொட்ட தாத்தாவும் இருப்பார், முழங்கால் ஆபரேஷன் முடித்த அம்மாவும் இருப்பார். முன்னால் நின்று எண்ணுகிற வேலை இரண்டு வருடமாக என்னுடையது. நான் டாக்டர் இல்லை, பிசியோதெரபிஸ்ட்டும் இல்லை. கீழே வருவதில் பாதி நானே செய்த தவறுகள்.

முதல் தவறு அந்த எண்ணிக்கைதான். சேரில் உட்கார்ந்து எழுந்திருப்பது ரொம்ப எளிமையான பயிற்சி. ஒருநாள் வழக்கம்போல 20 வரை எண்ணிக்கொண்டிருந்தேன். மூன்றாவது வரிசையில் ஒரு அம்மா எட்டாவது தடவைக்கே கையைத் தொடையில் ஊன்றித்தான் எழுந்தார், பத்தாவதில் உட்காரவில்லை, தொப்பென்று விழுந்தார், ஆனாலும் பக்கத்தில் இருப்பவர் நிறுத்தவில்லையே என்று 20ஐ முடித்துவிட்டுத்தான் ஓய்ந்தார். அப்புறம் நான்கு நாள் ஆளைக் காணோம். விசாரித்தால், "மாடிப்படி இறங்க முடியலப்பா" என்கிறார். உட்காரும்போது மெதுவாக இறங்க முடியவில்லை என்றால் தொடைத் தசை களைத்துவிட்டது என்று அர்த்தம், அங்கேயே நிறுத்தியிருக்க வேண்டும். இப்போது நான் எண்ணிக்கை சொல்வதில்லை. 30 வினாடி, அவரவர் வேகத்தில் அவரவர் எண்ணட்டும். நான்கு வந்தால் நான்கு.

ஆனால் எண்ணுவதை வாய்விட்டு எண்ணச் சொல்கிறேன், அதற்குக் காரணம் வேறு. கஷ்டமான இடம் வந்தால் பலர் தங்களை அறியாமலே மூச்சைப் பிடித்துக்கொள்கிறார்கள், அப்போது ரத்த அழுத்தம் சட்டென்று ஏறும். வாயில் எண் வந்துகொண்டிருந்தால் மூச்சைப் பிடிக்க வழியில்லை. பேச முடிகிறது, ஆனால் பாட முடியவில்லை என்றால் மிதமான வேகம் என்று கணக்கு. இரண்டு வார்த்தைக்கு ஒருமுறை மூச்சு வாங்கினால் அதிகம். கையில் கட்டிய வாட்ச் காட்டும் துடிப்பை மட்டும் நம்புவதும் தவறு, பிரஷருக்கோ இதயத்துக்கோ மெட்டோப்ரோலால், அட்டெனலால் மாதிரி மாத்திரை எடுப்பவர்களுக்குத் துடிப்பு அவ்வளவாக ஏறாது. வாட்ச் 'நன்றாக இருக்கிறாய்' என்னும், ஆள் தள்ளாடிக்கொண்டிருப்பார்.

சரி, சேர். சேர்ப் பயிற்சி என்றதும் கல்யாண வீட்டு பிளாஸ்டிக் சேரைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுகிறார்கள். டைல்ஸ் தரையில் அது பின்னால் வழுக்கும், எழுந்தவர் திரும்ப உட்காரும்போது அது அங்கே இருக்காது. வெயிலில் கிடந்து வெளுத்துப்போன சேரின் காலை ஒருமுறை குனிந்து பாருங்கள், மயிரிழை மாதிரி விரிசல் ஓடியிருக்கும். கனமான சேர், முதுகுப்பக்கம் சுவர், உட்கார்ந்தால் பாதம் முழுசாகத் தரையில் பட வேண்டும், இவ்வளவுதான் தேவை. இதைவிடப் பெரிய தவறு சேர்க்காரர்களைக் கடைசி வரிசைக்கு அனுப்புவது. நாங்கள் அப்படித்தான் வைத்திருந்தோம், விளைவு என்ன தெரியுமா, சேர் வேண்டியவர்களே 'எனக்கு வேண்டாம்' என்று கௌரவத்துக்கு நின்றுகொண்டிருந்தார்கள். இப்போது முதல் வரிசையிலேயே நான்கு சேர் கலந்து கிடக்கிறது, ஒன்றில் நானே உட்கார்ந்து செய்து காட்டுகிறேன்.

சுகர் விஷயத்தைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். வெறும் வயிற்றில் செய்தால்தான் பலன் என்று ஒரு நம்பிக்கை ஊர் முழுக்க இருக்கிறது. இன்சுலின் போடுபவர்களுக்கும் கிளிமிபிரைடு போன்ற மாத்திரை எடுப்பவர்களுக்கும் இது ஆபத்து, சர்க்கரை இறங்கிவிடும். இறங்கினால் என்ன ஆகும்? வியர்க்கும், கை நடுங்கும், நெஞ்சு படபடக்கும். உடற்பயிற்சி செய்தாலும் இதேதானே ஆகும், அதனால்தான் யாரும் கண்டுகொள்வதில்லை! மற்றவர்களுக்கு வியர்க்காத அளவு லேசான பயிற்சியில் ஒருவருக்கு மட்டும் சட்டை நனைந்தால், கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொன்னால், உட்கார வைத்து மூன்று டீஸ்பூன் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள், 15 நிமிடம் கழித்துத் திரும்பப் பாருங்கள். சாக்லேட் வேண்டாம், அதில் உள்ள கொழுப்பு சர்க்கரை ஏறுவதைத் தாமதப்படுத்தும். விழுங்க முடியாத நிலை என்றால் வாயில் எதையும் ஊற்றாமல் 108க்குப் போன் போடுங்கள். சுகர் உள்ளவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டு வெறுங்காலில் செய்வதும் வேண்டாம், கால் மரத்திருந்தால் முள் குத்தினதுகூடத் தெரியாது. அதற்காக ஹவாய் செருப்போடு செய்யாதீர்கள், பின்பக்கம் பிடிக்கிற ஷூவோ சாண்டலோ போதும்.

குனிந்து கால் விரலைத் தொடுவது பள்ளிக்கூட டிரில் காலத்திலிருந்து நம்மை விடாமல் துரத்துகிறது. எலும்பு தேய்ந்து பலவீனமான வயதில், முக்கியமாக மாதவிடாய் நின்ற பெண்களுக்கு, முதுகை வளைத்துக் குனிவது முதுகெலும்பில் முறிவு வரைக்கும் கொண்டுபோகலாம், அதோடு இடுப்பைத் திருகினால் இன்னும் மோசம். தலையை முழுவட்டமாகச் சுற்றுவதும் அப்படித்தான், பக்கவாட்டில் திரும்பினால் போதும்.

வலித்தால்தான் வேலை செய்கிறது என்பவர்களுக்கு ஒன்று. மறுநாள் தசை கனமாக இருப்பது சகஜம், இரண்டு மூன்று நாளில் போய்விடும். மூட்டுக்குள் சுருக்கென்று குத்தினாலோ முழங்கால் வீங்கினாலோ அது வேறு, அந்தப் பயிற்சியை விடுங்கள். நெஞ்சு அழுத்தம், தாடைக்கோ இடது கைக்கோ பரவும் வலி, இதை கேஸ் என்று சொல்லி சோடா குடிக்க அனுப்பிவிடாதீர்கள்.

'நான்தான் வாக்கிங் போகிறேனே' என்பவர்களும் உண்டு. வாரம் 150 நிமிட மிதமான உழைப்போடு இரண்டு நாள் தசைக்கான பயிற்சியும் வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். 65 தாண்டியவர்களுக்கு வாரம் மூன்று நாளாவது சமநிலைப் பயிற்சியும் சேர்க்கச் சொல்கிறது. ஒற்றைக் காலில் நிற்பதை நடுமைதானத்தில் நின்று வீரம் காட்டாமல் சுவர் ஓரமாகச் செய்யலாம்.

கடைசி ஐந்து நிமிடத்தை விட்டுவிட்டு ஓடுவதும் தவறுதான். வேகமாகச் செய்துகொண்டிருந்ததைச் சட்டென்று நிறுத்தினால் ரத்தம் காலில் தேங்கித் தலை சுற்றும். படுத்திருந்தவர்கள் ஒருக்களித்து, கை ஊன்றி உட்கார்ந்து, கொஞ்சம் பொறுத்து எழ வேண்டும், பிரஷர் மாத்திரை எடுப்பவர்களுக்கு இது ரொம்பவே அவசியம். குக்கர் வைக்கணும், பஸ் பிடிக்கணும் என்று பாதியில் கிளம்பியவர்களுக்காகவே இப்போது 5.55க்குத் தொடங்குகிறோம். அதில் இரண்டு பேர் 6.05க்குத்தான் வருகிறார்கள், வந்ததும் வார்ம் அப் இல்லாமல் நேராக நடுவில் புகுந்துகொள்கிறார்கள்.